திரும்பும் டிக்கெட்

பிரயாணம் செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. புறப்படும் தேதியை முதலில் நிச்சயிக்கிறவர்கள் ஒரு வகை. திரும்பும் தேதியை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நாளைக் கண்டுபிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. துறவிகளும் பெருந்தனக்காரர்களும் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற உத்தியோகஸ்தர்கள், பள்ளிக்கூடம் திறக்கும் நாளை நெஞ்சில் சுமந்துகொண்டே ஊர் பார்க்கும் பெற்றோர்கள், பால்காரரிடம் "பதினைந்து நாள் பால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் இல்லத்தரசிகள் ஆகிய நாமெல்லாரும் இரண்டாவது வகை. நம்முடைய பிரயாணத்தில் மிகவும் முக்கியமான பொருள் திரும்பும் டிக்கெட்தான். அது பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாம் மற்றதையெல்லாம் ரசிக்கிறோம்.

இந்தத் திரும்பும் டிக்கெட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தென்னமெரிக்காவில் ஒரு சிறிய நாட்டுக்கு விடுமுறையில் போய்வரலாம் என்று திட்டம் போட்டபோது அந்தச் சரித்திரம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

பல்லாவரத்தில் குடியிருக்கிறவனுக்கு விமானம் ஓர் அதிசயமல்ல. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளில் காய்கிற வடாத்தின் மேல் நிழல் போட்டுவிட்டுத்தான் போகும். ஆனாலும் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் மட்டும் விட்டபாடில்லை. அப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் என் அக்காள் மகன் கேட்டான்: "மாமா, மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியில் வீராசாமி பெருமாள் என்று ஒருவர் பந்து போட்டாரே, தெரியுமா உங்களுக்கு? கயானாக்காரர். அது தீவே இல்லை, மாமா, தென்னமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஏது பெருமாளும் வீராசாமியும்?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்குப் பதில் தேடுவதைவிட நல்ல விடுமுறை வேறு இல்லை. அட்லஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில், அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பார்த்தபடி இருக்கிறது கயானா. சிறிய நாடு என்கிறார்கள். பரப்பளவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஜனத்தொகையில்தான் அது சிறிய நாடு. 2012-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ஏழரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் இந்திய வம்சாவளியினர். அந்தக் கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே தேசம் அதுதான். 1966 மே 26-ஆம் தேதி சுதந்திரம் பெறும் வரைக்கும் அதற்குப் பெயர் பிரிட்டிஷ் கயானா. நமக்குக் காலை ஒன்பதரை மணி ஆகும்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டு.

இனித் திட்டம். சென்னையிலிருந்து நேரே போகும் விமானம் கிடையாது. வழியில் ஒன்றிரண்டு இடங்களில் மாறியாக வேண்டும். ஒரு முழுநாளுக்கும் மேலே ஆகிவிடும். மழைக்காலம் அங்கே வருஷத்துக்கு இரண்டு: மே முதல் ஜூலை வரை ஒன்று, டிசம்பர், ஜனவரியில் மற்றொன்று. நம் குழந்தைகளுக்கு லீவு விடுவதோ மே மாதத்தில். இதற்கு ஒரே வழி, ஏப்ரல் கடைசியில் புறப்பட்டுப் பெருமழைக்கு முன்னால் திரும்பிவிடுவதுதான். அப்படிப் போனால் மே 5-ஆம் தேதி அங்கே இருக்கலாம். அந்தத் தேதியின் விசேஷத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஊசி. மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. நம் ஊர் மஞ்சள் காமாலை அல்ல, வேறு. அந்த நோய் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு மட்டும் இங்கே தாராளமாக இருக்கிறது. எனவே கயானா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் நம் சர்க்கார் தடுப்பூசி அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்கிறது. பல்லாவரத்துக்காரர்களுக்கு இது பெரிய அலைச்சல் இல்லை. மின்சார ரயிலில் ஏறினால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஊசிச் சீட்டை நம் சர்க்கார் பார்ப்பது நாம் போகிறபோது அல்ல, திரும்பி வருகிறபோது. திரும்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தச் சிறு புத்தகமே சொல்லிவிடுகிறது.

வீராசாமியும் பெருமாளும் போன பிரயாணத்தில் இந்த ஏற்பாடுகளெல்லாம் கிடையாது.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834-ல் சட்டப்படி ஒழிந்தது. அடிமைகளாக இருந்தவர்களை அதன் பின்னும் சில காலம் எஜமானர்களிடமே கட்டி வைத்திருந்த ஏற்பாடு 1838 ஆகஸ்டு முதல் தேதியோடு முடிந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பழைய கூலிக்குப் பழைய எஜமானனிடம் வேலை செய்ய மறுத்தார்கள், எப்படிச் சம்மதிப்பார்கள்? கரும்போ காத்திருக்காது. தோட்ட முதலாளிகளில் ஒருவரான ஜான் கிளாட்ஸ்டன், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக வந்த கிளாட்ஸ்டனுடைய தகப்பனார், இந்தியாவிலிருந்து ஆள் தருவித்தார். விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் 1838 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டன. விட்பி 112 நாள் கடலில் கிடந்து, மே மாதம் 5-ஆம் தேதி பெர்பிஸ் கரையை அடைந்தது. கயானாவில் இன்று அந்த நாள் தேசிய விடுமுறை. இரண்டு கப்பல்களிலுமாக இறங்கியவர்கள் 396 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தபோது 236 பேர் ஊர் திரும்பினார்கள். 60 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மீதிப் பேர், அதாவது நாலில் ஒரு பங்கு, பெரும்பாலும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இந்த ஏற்பாடு இங்கிலாந்தில் கூச்சலைக் கிளப்பியது. ஆள் ஏற்றுமதி சில வருஷங்கள் நின்றது. 1845-ல் மறுபடியும் திறந்தபோது, கல்கத்தாவோடு சென்னைத் துறைமுகத்துக்கும் அனுமதி கிடைத்தது.

சென்னைத் துறைமுகம் என்று சொல்கிறேன். அப்போது துறைமுகம் ஏது? கப்பல்கள் எல்லாம் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களை ஏற்றி, அலைகளின்மேல் தூக்கிப் போட்டு, கப்பலண்டை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஏரியையும் கிணற்றையும் தவிர வேறு நீரைப் பார்த்திராதவர்களுக்கு அந்த முதல் அரை மைல் எப்படி இருந்திருக்கும்? அதன் பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதத்துக்குமேல் பிரயாணம்.

1860-களின் தொடக்கத்துக்குப் பின் சென்னையிலிருந்து கயானாவுக்குக் கப்பல் போவது பெரும்பாலும் நின்றுவிட்டது. சென்னை ஆட்கள் குடிகாரர்கள், ஊர்சுற்றிகள், வேலைக்கு ஆகாதவர்கள் என்று முதலாளிகள் எழுதி வைத்தார்கள். கரும்பு வெட்டுகிறவனைப்பற்றிக் கரும்பு விற்கிறவன் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரம் வேறு எப்படி இருக்கும்! 1838 முதல் 1917 வரை கயானாவுக்குப் போன இந்தியர் சுமார் 2,39,000. அதில் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர்தான். நம்மவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மொரீஷியஸுக்கும் போனார்கள். நம் நினைவும் அந்தப் பக்கமே போயிற்று. கரும்புத் தோட்டம் என்றாலே பாரதியார் பாடிய ஃபிஜித் தீவுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. டெமராராவின் பெயர் சர்க்கரை டப்பாவில் மட்டும் மிஞ்சியது.

இப்போது டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன்.

கப்பலேறியவர்களிடமும் ஒரு திரும்பும் டிக்கெட் இருந்தது. கையில் அல்ல, ஒப்பந்தத்தில். தொடக்கத்தில் ஐந்து வருஷம் வேலை செய்தால் ஊருக்கு இலவசமாகத் திருப்பி அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள். பிற்பாடு, ஐந்து வருஷம் தோட்டத்து வேலை, மொத்தம் பத்து வருஷம் காலனி வாசம், அதன் பிறகுதான் கப்பல் என்று மாற்றினார்கள். 1898-க்குப் பின் வந்தவர்களில் ஆண்கள் பாதிக் கட்டணமும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கும் கட்ட வேண்டும் என்றும் ஆயிற்று. வேலைக்கு வராவிட்டால் அபராதம், ஜெயில். சீட்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் குற்றம். இத்தனையையும் பொறுத்துக்கொண்டவர்களின் மனத்துக்குள், பத்தாவது வருஷத்துக் கடைசியில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கப்பல் இல்லாவிட்டால் முதல் வருஷத்தையே அவர்கள் கடந்திருக்கமாட்டார்கள்.

காலனி சர்க்காருக்கோ திருப்பி அனுப்புவது நஷ்டக் கணக்கு. பழகிய ஆளை இழக்க வேண்டும், கப்பல் கூலியும் கொடுக்க வேண்டும். எனவே ஒரு யுக்தி செய்தார்கள். "திரும்பும் உரிமையை விட்டுக்கொடு, அதற்கு ஈடாக நிலம் தருகிறோம்" என்றார்கள். 1880-ல் ஹூயிஸ்டீரன் என்ற இடத்தில் இது ஆரம்பமாயிற்று. 1890-களின் பிற்பகுதியில் ஹெலினா, விம், புஷ்லாட் முதலிய ஊர்கள் இப்படியே உண்டாயின. ஒரு கப்பல் சீட்டைக் கொடுத்து ஒரு துண்டு நிலத்தை வாங்கிய மனிதர்களின் ஊர்கள் அவை.

இதை வஞ்சகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அவ்வளவு சுலபமாக முடிக்கத் தோன்றவில்லை. ஊரில் காணி நிலம் இல்லாததனால்தானே பலர் கப்பலேறினார்கள்? பத்து வருஷம் கழித்துத் திரும்பினால் யார் வரவேற்பார்கள்? கடல் கடந்தவன் என்று பந்தியில் உட்கார விடமாட்டார்கள். அங்கே பிறந்த குழந்தைக்குச் சொந்த ஊர் எது? இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து, இரவெல்லாம் தூங்காமல் யோசித்து, மறுநாள் ஆபீஸில் போய்க் கைநாட்டு வைத்த ஒரு மனிதனை நான் கற்பனை செய்துகொள்கிறேன். அவன் ஏமாளியுமல்ல, வீரனுமல்ல. நம்மைப்போல ஒரு குடும்பஸ்தன். அவன் போட்டதும் ஒரு திட்டந்தான்.

அவன் பயந்தது பொய்யுமல்ல. திரும்பியவர்கள் மொத்தம் சுமார் 75,000 பேர். அவர்களில் பலருக்கு ஊர் இடங்கொடுக்கவில்லை. 1920-களில் கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதியில், காலனிகளிலிருந்து திரும்பியவர்கள் கூட்டங்கூட்டமாகக் கிடந்தார்கள். மறுபடியும் கப்பலேற்றி அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். காந்தியடிகளும் சி. எஃப். ஆண்ட்ரூஸும் அவர்களுக்காகக் கவலைப்பட்டார்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது, திரும்புவதற்கு ஒரு வாசற்படியும் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

அதே காலத்தில், ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு, கயானா சர்க்கார் புதிதாக இந்தியக் குடியானவர்களை வரவழைக்க விரும்பியது. அங்கே உள்ள நிலைமையை நேரில் பார்த்துவரும்படி 1922-ல் ஒரு குழு போயிற்று. அதில் ஒருவர் சென்னை ராஜதானியைச் சேர்ந்த திவான் பகதூர் கேசவ பிள்ளை. அவரும் அவரோடு சென்ற திவாரியும் கொடுத்த அறிக்கை அங்கிருந்த இந்தியர்களின் குறைகளை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லியது. பெரிய குடியேற்றம் எதுவும் அப்புறம் நடக்கவில்லை.

ஊர் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்ட கப்பலின் பெயர் ரிசர்ஜென்ட். வருஷம் 1955. நம் நாடு சுதந்திரம் பெற்று எட்டு வருஷமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த அந்த ஒரு வரியை அதுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கிழவர்களும் கிழவிகளும் அதில் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒரு நாட்டுக்கு விடுமுறையில் போனால் எதைப் பார்ப்பது? பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு நாள் ஜார்ஜ்டவுன் தலைநகர். மரத்தாலேயே கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 143 அடி உயரம். ஸ்டாப்ரோக் மார்க்கெட்டின் இரும்புக் கடிகார கோபுரமும் பார்க்க வேண்டியதுதான். விட்பி கப்பலின் உருவத்தை வைத்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். சரித்திராசிரியர் வால்ட்டர் ராட்னியின் பெயர் தாங்கிய ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. மாலையில் கடற்சுவர்மேல் நடக்கலாம். கரைப்பகுதி கடல்மட்டத்துக்குத் தாழ்ந்தது. டச்சுக்காரர் காலத்தில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் வெட்டிய கால்வாய்களும் மதகுகளும்தான் அதைக் காப்பாற்றின. ஒரு சதுர மைல் கரும்புக்கு 65 மைல் நீளம் கால்வாய் வேண்டியிருந்தது என்று 1948-ல் ஒரு கமிஷன் கணக்கிட்டது. அங்கே மதகுக்குக் கோக்கர் என்று பெயர். ஏரிப் பாசனத்தில் மதகு திறந்தும் மூடியும் பழகிய செங்கல்பட்டு ஜில்லாக்காரன் அதன் முன்னால் நின்றபோது, அந்நிய தேசத்தில் அந்த ஒன்றாவது பழகினதாகத் தோன்றியிருக்கும்.

மூன்றாம் நாள் கையட்டூர் நீர்வீழ்ச்சி. 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே தாவலாக விழுகிறது. சிறிய விமானத்தில் காட்டுக்குமேல் பறந்து போக வேண்டும். இதை 1870-ல் முதலில் கண்ட ஐரோப்பியர் பாரிங்டன் பிரவுன் என்ற மண்ணியல் நிபுணர். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1863 மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இன்னொரு மண்ணியல் நிபுணர் எங்கள் பல்லாவரத்துச் செம்மண் பள்ளத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது கற்காலத்து மனிதனின் கைக்கோடரி. சாம்ராஜ்யம் கல்லை எடுத்தவர்களின் பெயரையும் அருவியைக் கண்டவர்களின் பெயரையும் நாளோடு எழுதி வைத்தது. கரும்பு வெட்டியவர்களுக்குக் கப்பல் குமாஸ்தாவின் எழுத்துப்பிழைதான் மிஞ்சியது.

அந்த எழுத்துப்பிழைகளைப் பார்ப்பதற்காக மற்ற நாட்களைக் கோரன்டைன் கரைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் யோசனை. கிழக்கே பெர்பிஸ் நதியைத் தாண்டிப் போனால் ஆல்பியன், போர்ட் மூரண்ட், விம். கல்கத்தாவில் 256 ஓட்டம் எடுத்து நம்மைத் திணற அடித்த ரோஹன் கன்ஹாய் போர்ட் மூரண்ட்காரர். கயானாவின் ஜனாதிபதியாக இருந்த செட்டி ஜகனும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவரே. இந்தப் பக்கத்தில் 'மதராஸி'கள் என்றே ஒரு வகுப்பார் உண்டு. தமிழ் போய்விட்டது. ஆனால் மாரியம்மன் போகவில்லை. காளிமாய் பூஜை என்ற பெயரில் வேப்பிலையும் மஞ்சள் நீரும் கரகமும் இருக்கின்றன. தப்பு என்ற பெயரோடேயே தப்பு முழங்குகிறது. மதுரைவீரனுக்கும் காட்டேரிக்கும் அங்கே படையல் உண்டு. மேல்தட்டு இந்துக்கள் முகம் சுளித்தார்கள். அப்படியும் விடாமல் காப்பாற்றினார்கள்.

இங்கே நம் பிரயாணிக்கு ஒரு வார்த்தை. அங்கே போய், "இந்த மந்திர உச்சரிப்பு தப்பு, இந்தப் பெயர் இப்படியல்ல" என்று திருத்த ஆரம்பித்துவிடாதீர்கள். நாம் அவர்களை மறந்து ஒன்றரை நூற்றாண்டாகிறது. அவர்கள் நினைவு வைத்திருந்த அளவுக்கு நாம் வைத்திருக்கவில்லை.

கடைசி நாள் விம். சீட்டுக்கு ஈடாக நிலம் பெற்றவர்களின் அதே விம் கிராமம். அங்கே 1947-ல் பிறந்த தமிழ் வம்சாவளியினர் ஒருவர் 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதம மந்திரியாக இருந்தார். மோசஸ் நாகமூட்டு என்று எழுதுகிறார்கள். நாகமுத்துதான். மதராஸி மக்களின் வாழ்க்கையை வைத்து ஒரு நாவலும் அவர் எழுதியிருக்கிறார்.

அக்காள் மகனின் கேள்விக்கு அந்த ஊரில் நின்றுகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். வீராசாமியும் பெருமாளும் அங்கே வந்தது ஒரு கப்பலில். அங்கேயே இருப்பது, இன்னொரு கப்பலில் ஏறுவதில்லை என்று யாரோ ஒருவர் தீர்மானித்ததனால். அதைப் பார்த்துவிட்டு நாம் ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பலாம். மறுநாள் காலை விமானம். ஊசிச் சீட்டை மேல் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது, மீனம்பாக்கத்தில் கேட்பார்கள்.